61 வெற்றி, 67 தோல்வி: பேஸ்பால் அணி டாம்பா டார்பன்ஸின் 2022 மேனேஜரை எதை வைத்து எடைபோடுவது?

(ஸ்கோர்கார்டு, புல்பென், மூன்றாம் பேஸ் என்ற புனைபெயர்களில் மூன்று பேஸ்பால் ரசிகர்கள் பேசிக்கொண்டது.)

#1 ஸ்கோர்கார்டு

2022 ஜனவரியில் நியூயார்க் யாங்கீஸ் தன் சிங்கிள்-ஏ (மைனர் லீக் எனப்படும் கீழ்மட்ட லீக்குகளில் ஒரு படி) கிளை அணியான டாம்பா டார்பன்ஸுக்கு ரேச்சல் பால்கோவெக்கை மேனேஜராக நியமித்தது. எம்எல்பியோடு (அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்) இணைந்த மைனர் லீக் அணி ஒன்றை முழுநேரமாக நடத்திய முதல் பெண் அவர்தான். ஏப்ரல் 8 அன்று லேக்லாண்டில் முதல் ஆட்டம், 9-6 என்று வெற்றி. செப்டம்பரில் கணக்கு முடித்தபோது 61-67.

அந்தப் பருவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மீதி 127 ஆட்டங்களைப் பற்றிப் பேச்சே இல்லை. இது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பது என் கட்சி. மேனேஜர் நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்தால் மேனேஜருக்கு உரிய அளவுகோலால்தான் அளக்க வேண்டும். வென்றதைவிட 6 ஆட்டம் கூடுதலாகத் தோற்றிருக்கிறார்கள். அதில் மேனேஜரின் பங்கு எவ்வளவு, அவர் கையில் இல்லாதது எவ்வளவு என்று பிரித்துப் பேசலாம். "மைனர் லீக்கில் வெற்றி தோல்வி கணக்கே இல்லை" என்று ஒரே வரியில் கதவைச் சாத்துவதைத்தான் ஏற்க முடியவில்லை.

புதிதாக வருபவர்களுக்கு: கிரிக்கெட்டில் களத்தில் நிற்கும் கேப்டன் எடுக்கிற முடிவுகளில் பெரும்பகுதியை பேஸ்பாலில் டக்அவுட்டில் (களத்தோர அணி இருக்கையில்) இருக்கும் மேனேஜர் எடுக்கிறார். பிட்சரை (பந்து வீசுபவரை) மாற்றுவது, ரன்னரை (ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய பேஸ்களில் நிற்பவரை) ஓடச் சொல்வது, ஆட்களை எங்கே நிறுத்துவது எல்லாம் அவர் சைகைதான்.

#2 புல்பென்

அந்தக் கடைசிப் பத்தி எம்எல்பிக்குப் பொருந்தும். சிங்கிள்-ஏயில் பாதிதான் உண்மை. அன்று ஆடுபவர்களின் பட்டியலான லைன்அப் அட்டையில் கையெழுத்து மேனேஜருடையது. அதில் இருக்கிற பெயர்களில் பலவற்றை மேலிடம், அதாவது யாங்கீஸ் அலுவலகம், ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது.

ஒரு வாரம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். 2021-லிருந்து மைனர் லீக்கில் ஒரே எதிரணியோடு செவ்வாய் முதல் ஞாயிறு வரை 6 ஆட்டம், திங்கள் ஓய்வு. அதனால் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களான ஸ்டார்ட்டர்கள் 6 பேர், ஆளுக்கு வாரம் ஒரு முறை. இந்த மட்டத்தில் ஒரு ஸ்டார்ட்டருக்கு 75 முதல் 85 பந்து என்பது வழக்கமான உச்சவரம்பு. முழங்கை அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியவராக இருந்தால் 30-ல் தொடங்கி வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். இரண்டு ஸ்டார்ட்டர்களை ஒரே நாளில் இணைத்து, முதல் ஆளுக்கு 4 இன்னிங், அடுத்தவருக்கு 3 என்று பிரிப்பதும் உண்டு. பிக்கிபேக் என்பார்கள். ஒரே இன்னிங்கில் 30 பந்தைத் தாண்டினால் மொத்த எண்ணிக்கை மீதி இருந்தாலும் ஆளை இறக்கிவிடுவார்கள். களைத்த கை ஓய்வில்லாமல் தொடர்ந்து வீசுவதுதான் காயத்துக்கு வழி என்பதால்.

பின்னால் இறங்கும் பிட்சர்களான ரிலீவர்களுக்கும் கணக்கு உண்டு. நேற்று வீசியவர் இன்று வீசுவது இந்த மட்டத்தில் அரிது. 30 பந்துக்கு மேல் போயிருந்தால் இரண்டு நாள் ஓய்வு. இப்போது சனிக்கிழமை இரவு, மொத்தம் 9-ல் 8-வது இன்னிங், ஒரு ரன் முன்னிலை, பேஸில் இருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புல்பென்னில் (ரிலீவர்கள் காத்திருக்கும் இடத்தில்) 8 பேர் உட்கார்ந்திருப்பார்கள். வியாழன், வெள்ளி வீசியவர்களைக் கழித்தால் 3 பேர். அதில் ஒருவர் நாளை 2 இன்னிங் வீச வேண்டும் என்று திட்டத்தில் இருக்கிறார். இன்னொருவர் காயத்திலிருந்து திரும்புகிறவர். புது இன்னிங்கின் தொடக்கத்தில்தான் அவரை இறக்க வேண்டும், ஆள் ஏறியிருக்கும்போது கூடாது. மிச்சம் ஒருவர். அவர் இடதுகை, வரப்போகும் மூன்று பேட்டர்களும் வலதுகை; சாதகம் பேட்டர்களுக்கு. மேனேஜர் அவரைத்தான் அனுப்புவார். ஆட்டம் கைவிட்டுப் போகும். அந்த 67-ல் இப்படிப்பட்டவை எத்தனை என்று ஸ்கோர்கார்டைப் பார்த்தால் தெரியாது.

#3 ஸ்கோர்கார்டு

எதிரணிக்கும் இதே கட்டுப்பாடுதானே நண்பரே? ப்ளோரிடா ஸ்டேட் லீக்கில் 10 அணிகள். பத்துமே ஏதாவது ஒரு எம்எல்பி அணியின் கிளை. பத்துக்கும் பந்து எண்ணிக்கை உண்டு, பத்துக்கும் திங்கள் ஓய்வு. எல்லார் காலிலும் ஒரே எடைக் குண்டு என்றால் ஓட்டப்பந்தயம் ஓட்டப்பந்தயம்தான்.

#4 புல்பென்

குண்டின் எடை ஒன்றில்லை. ஆள் போய்வரும் வேகம் அணிக்கு அணி மாறும். 2022-ஐயே எடுங்கள். பருவத்தைத் தொடங்கியபோது டார்பன்ஸின் நடுக்களத்தில் ஹாசன் டொமிங்கேஸ், 2019-ல் 51 லட்சம் டாலருக்கு யாங்கீஸ் ஒப்பந்தம் செய்த டொமினிகன் பையன். ஜூலையில் அவரை ஹட்சன் வேலிக்கு, அதாவது அடுத்த படியான ஹை-ஏவுக்கு ஏற்றிவிட்டார்கள். அந்த ஜூலை டிராஃப்டில் (எம்எல்பி அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில்) 25-வது ஆளாக எடுத்த ஸ்பென்சர் ஜோன்ஸ், பருவத்தின் கடைசிப் பகுதிக்கு டாம்பா வந்தார். நன்றாக ஆடினால் அந்த ஆள் போய்விடுவார், போக வேண்டும். அணிக்கு நல்ல மாதம் என்றாலே அடுத்த மாதம் ஆள் குறையும். எம்எல்பி மேனேஜர் யாரும் ஜூலையில் தன் சிறந்த பேட்டரைச் சந்தோஷமாக வழியனுப்புவதில்லை. சிங்கிள்-ஏ மேனேஜருக்கு அதுதான் வேலை.

டாம்பாவுக்கு இன்னொரு கூடுதல் சுமை: யாங்கீஸின் பயிற்சி வளாகமே அந்த ஊர்தான். பருவத்துக்கு முந்தைய பயிற்சி நடக்கும் ஸ்டைன்பிரென்னர் மைதானமே டார்பன்ஸின் வீடு; நியூயார்க் மைதானத்தின் அளவுகளையே வைத்துக் கட்டியது, இடது மூலை 318 அடி, வலது மூலை 314 அடி. காயத்திலிருந்து மீளும் எம்எல்பி ஆட்களுக்கு ஒத்திகை பார்க்க வசதியான இடம். விதிப்படி பேட்டருக்கு 20 நாள், பிட்சருக்கு 30 நாள் வரை ரீஹேப் ஆட்டம். அவர் வந்தால் முதல் 5 இன்னிங் ஆடுவார், 2 அல்லது 3 முறை பேட் பிடிப்பார், கிளம்பிவிடுவார். அன்றைக்கு ஒரு இளம் பையன் பெஞ்சில்.

#5 மூன்றாம் பேஸ்

இருவரும் ஒரே தட்டில் வைக்க முடியாத பொருளை நிறுக்கிறீர்கள். மேனேஜரின் கை எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டுமானால் சுயேச்சை லீக்கைப் பார்க்க வேண்டும். அங்கே மேலிடம் கிடையாது, டிராஃப்ட் கிடையாது, பந்து எண்ணிக்கை உத்தரவு கிடையாது.

2015-ல் கலிபோர்னியாவின் சோனோமா ஸ்டாம்பர்ஸ். பசிபிக் அசோசியேஷன், நான்கே அணிகள், 78 ஆட்டம், 22 பேர் கொண்ட அணி. எம்எல்பியின் எந்தக் கிளையிலும் இடம் கிடைக்காதவர்களும் கிளையிலிருந்து கழித்துவிடப்பட்டவர்களும் ஆடுகிற லீக். அந்த ஆண்டு பென் லிண்ட்பெர்க், சாம் மில்லர் என்ற இரண்டு பேஸ்பால் எழுத்தாளர்களிடம் ஆள் சேர்க்கும் பொறுப்பை அணி ஒப்படைத்தது. டிராஃப்டில் யாரும் தொடாத கல்லூரி ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரத்தை வரிசைப்படுத்தி, பட்டியலின் மேலிருந்து கூப்பிட்டார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் ஷான் கான்ராய். பக்கவாட்டில் கையை வீசும் பிட்சர், பந்தின் வேகம் குறைவு. அதனால்தான் அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கவாட்டுக் கையிலிருந்து வரும் பந்து கீழே சரியும், வலதுகை பேட்டர் அதன் மேல்முனையில் அடித்துத் தரையில் உருட்டுவார். ஜூன் 25 அன்று வயெஹோ அட்மிரல்ஸுக்கு எதிராக 9 இன்னிங்கையும் அவரே வீசி 11 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்), 7-0. தான் ஓரினச் சேர்க்கையாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே தொழில்முறை பேஸ்பால் ஆடிய முதல் ஆட்டக்காரர் அவர். அன்றைய ஸ்கோர்கார்டு கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகத்துக்குப் போனது.

டாம்பாவில் இப்படி ஒருவரை 9 இன்னிங் வீசவிட்டிருப்பார்களா?

#6 புல்பென்

விட்டிருக்க மாட்டார்கள். 5 இன்னிங், ரன் எதுவும் இல்லை, 78 பந்து, கைகுலுக்கல், ஐஸ் பை. ஆனால் சோனோமாவின் மறுபாதியையும் சொல்லுங்கள்.

#7 மூன்றாம் பேஸ்

சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. பருவத்தை இரண்டு பாதியாகப் பிரிப்பார்கள். முதல் பாதியின் முதலிடமும் இரண்டாம் பாதியின் முதலிடமும் இறுதிக்குப் போகும். முதல் பாதி ஸ்டாம்பர்ஸுக்கு. பிறகு நல்ல ஆட்டக்காரர்களை அதைவிட உயர்ந்த சுயேச்சை லீக்குகள் எடுத்துக்கொண்டன. அந்த லீக்கில் சம்பளம் மிகக் குறைவு, மேலே கூப்பிட்டால் தடுக்க எவருக்கும் மனசு வராது. இரண்டாம் பாதியையும் இறுதி ஆட்டத்தையும் சான் ரஃபேல் பசிபிக்ஸ் வென்றது.

நடுவில் மேனேஜரும் மாறினார். தானும் ஆடிக்கொண்டே அணியை நடத்திய ஃபே லென்டினிக்குப் பதிலாக, உதவிப் பயிற்சியாளராக இருந்த ஜப்பான்காரர் தகாஷி மியோஷி வந்தார். தகராறு எதில் என்றால், அணியின் சிறந்த ரிலீவரை எப்போது இறக்குவது என்பதில்தான். பழைய முறை: 9-வது இன்னிங்கில், முன்னிலையில் இருக்கும்போது மட்டும். புள்ளிவிவர முறை: 6-வதோ 7-வதோ, எப்போது ஆட்டம் கத்திமுனையில் நிற்கிறதோ அப்போது, தேவையானால் 2 அல்லது 3 இன்னிங். மியோஷிக்குக் கீழே ஸ்டாம்பர்ஸ் 2016-ல் பட்டம் வென்றது. ஆக, மேலிடம் இல்லாத இடத்தில் மேனேஜர் மாறினால் அணி மாறுகிறது. ஸ்கோர்கார்டின் வாதத்துக்கு இது சாட்சி, ஆனால் வேறு லீக்கின் சாட்சி.

#8 ஸ்கோர்கார்டு

எனக்குச் சாட்சி வேறு லீக்கிலிருந்து வேண்டியதில்லை. டாம்பாவுக்குள்ளேயே தேடுவோம். பிட்சர் திட்டம் மேலிடத்துடையது என்று ஒப்புக்கொள்கிறேன். மீதி?

பேஸ் ஓட்டம். 2022-ல் மைனர் லீக் முழுக்க மூன்று விஷயம் சேர்ந்து வந்தது. பேஸ் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெரிதானதால் முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் இடையே தூரம் 4.5 அங்குலம் குறைந்தது. பிட்சர் ஒரு பேட்டருக்கு இரண்டு முறைதான் ரன்னரைப் பார்த்துப் பந்தை எறியலாம் அல்லது திட்டைவிட்டு இறங்கலாம். மூன்றாவது முறை இறங்கி ரன்னரை அவுட்டாக்க முடியாவிட்டால் ரன்னருக்கு ஒரு பேஸ் இனாம். கூடவே பிட்ச் கடிகாரம்: பேஸ் காலி என்றால் 14 விநாடி, ஆள் இருந்தால் 18. பிட்சர் தாமதித்தால் ஒரு பால் (நான்கானால் பேட்டருக்கு முதல் பேஸ் இனாம்), பேட்டர் 9 விநாடி மீதி இருக்கும்போது தயாராக இல்லாவிட்டால் ஒரு ஸ்ட்ரைக். இந்த மூன்றையும் ஏப்ரலிலேயே பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது யார் வேலை? தன் அணி பேட் பிடிக்கும்போது டக்அவுட்டை விட்டு மூன்றாம் பேஸ் பக்கத்தில் நின்று சைகை தரும் மேனேஜர் வேலை.

கணக்கு எளிது. யாரும் அவுட் ஆகாமல் முதல் பேஸில் ஆள் இருந்தால் அந்த இன்னிங்கில் சராசரியாக எதிர்பார்க்கும் ரன் சுமார் 0.86. திருட்டு ஓட்டம் (பிட்சர் வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடுவது) பலித்து இரண்டாம் பேஸுக்குப் போனால் சுமார் 1.10. பிடிபட்டால் ஒரு அவுட், பேஸ் காலி, சுமார் 0.26. கிடைப்பது 0.24, இழப்பது 0.60. ஆக நூற்றில் 71, 72 முறை பலித்தால்தான் வரவும் செலவும் சரிக்குச் சரி. 80 சதவீதம் பலிக்கும் ஓட்டக்காரரை நிறுத்திவைப்பதும் தப்பு, 60 சதவீதக்காரரை ஓடவிடுவதும் தப்பு. இந்த முடிவுக்கு மேலிடத்தைக் கை காட்ட முடியாது.

#9 புல்பென்

இங்கேதான் உங்களோடு அடிப்படையில் முரண்படுகிறேன். அந்த 71 எம்எல்பி ஆட்டத்துக்கான கணக்கு. அதைச் சிங்கிள்-ஏயில் அப்படியே பிடித்துக்கொண்டால் பையன்கள் ஓடவே கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

நிறுத்துகடிகாரத்தோடு பாருங்கள். பிட்சர் காலைத் தூக்கியதிலிருந்து பந்து கேட்சரின் (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவரின்) கையுறையில் விழுவதுவரை நல்ல பிட்சருக்கு 1.3 விநாடி. கேட்சர் வாங்கி, எழுந்து, இரண்டாம் பேஸில் நிற்பவரின் கையுறைக்குச் சேர்ப்பதற்கு 2.0. மொத்தம் 3.3. நல்ல ஓட்டக்காரர் 12 அடி முன்னே நின்று கிளம்பினால் சுமார் 3.4. அதாவது எல்லாம் சரியாக நடந்தால் அவர் அவுட். ஆனால் சிங்கிள்-ஏயில் பல பிட்சர்கள் 1.5-ல் இருக்கிறார்கள். காலை உயரத் தூக்கித்தான் அவர்களுக்கு வேகம் வரும். வேகமாக வீசச் சொன்னால் தோள் முன்னாடியே திறந்துகொண்டு பந்து மேலே மிதக்கும். அதனால் பயிற்சியாளர்கள் அதை இந்த மட்டத்தில் அதிகம் வற்புறுத்துவதில்லை. கேட்சருக்கு 19 வயது, நின்ற இடத்திலிருந்து எறிந்த பந்து நடுக்களத்துக்குப் பறக்கிறது. இங்கே எந்த மந்தமான ஓட்டக்காரரும் 80 சதவீதம் காட்டுவார். அந்த எண்ணை நம்பி அவரை மேலே அனுப்பினால் இரண்டு படி தாண்டிய டபுள்-ஏயில் முதல் வாரமே பிடிபடுவார்.

ஆகவே இங்கே ஓடவிடுவது ரன்னுக்காக இல்லை, படிப்பதற்காக. பிட்சரின் முன்கால் முட்டி எந்தப் பக்கம் மடிகிறது, குதிகால் எப்போது அசைகிறது, இரண்டு முறை எறிந்து தீர்த்துவிட்டாரா என்று படிக்க வேண்டும். படிக்கத் தெரியாத காலத்தில் பிடிபட வேண்டும். ஏழு முறை பிடிபட்டவனுக்கு எட்டாவது முறை கண் திறக்கும். அந்த ஏழில் இரண்டு ஆட்டம் போகலாம். போகட்டும்.

#10 ஸ்கோர்கார்டு

"போகட்டும்" என்று நாம் சொல்லிவிடலாம். 20 வயதுப் பையன், 128 ஆட்டம் ஆடியவன், அதில் 67 முறை தோற்றுப் பேருந்து ஏறியவன் அப்படிச் சொல்வானா? தோற்றாலும் பரவாயில்லை என்ற காற்று உடை மாற்றும் அறைக்குள் வந்துவிட்டால் 8-வது இன்னிங்கில் தரையில் உருண்ட பந்துக்கு ஒருவரும் முழுமூச்சாக ஓட மாட்டார்கள். ஜெயிக்கப் பழகுவதும் பயிற்சியில் சேர்த்திதான்.

இன்னொரு எடுத்துக்காட்டு. ஆட்டம் சமன், 10-வது இன்னிங். 2018-லிருந்து மைனர் லீக்கில் கூடுதல் இன்னிங் ஒவ்வொன்றும் இரண்டாம் பேஸில் ஒரு ஆளோடு தொடங்குகிறது. எதிரணி மேல்பாதியில், அதாவது முதலில் பேட் பிடித்து, ரன் எடுக்கவில்லை. நமக்கு ஒரு ரன் போதும். இரண்டாம் பேஸில் ஆள், அவுட் இல்லை: ஒரு ரன்னாவது வரும் வாய்ப்பு சுமார் 61 சதவீதம். பன்ட் வைத்து (மட்டையைச் சுழற்றாமல் பந்தை மெல்லத் தட்டி) ஆளை மூன்றாம் பேஸுக்குத் தள்ளி ஒரு அவுட் கொடுத்தால் சுமார் 65, 66. நம் வீட்டு மைதானம், அதாவது கடைசியில் பேட் பிடிப்பது நாம் என்றால் பன்ட் சரி. மேல்பாதியில் அது சரி வராது, ஏனென்றால் அப்போது ஒரு ரன் போதுமா என்று தெரியாது. இதைச் சொல்லிக்கொடுக்காமல், "பேட்டர் அடித்துப் பழகட்டும்" என்று மட்டையைச் சுழற்றவிட்டு ஆட்டத்தைக் கோட்டைவிட்டால் அது மேனேஜரின் தவறு. டாம்பாவில் அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. அளவுகோல் இதுவாக இருக்க வேண்டும் என்கிறேன்.

#11 மூன்றாம் பேஸ்

பன்ட் கணக்கில் ஒரு ஓட்டை. 61-லிருந்து 66 என்பது பன்ட் கச்சிதமாக விழுந்தால். இந்தக் காலத்துப் பையன்களில் பலர் பள்ளியிலிருந்தே பன்ட் வைத்துப் பழகாதவர்கள். பந்து மேலே கிளம்பிப் பிடிபட்டால், அல்லது நேராக பிட்சர் கைக்குப் போய் மூன்றாம் பேஸில் ஆள் அவுட் ஆனால், 61 என்பது 40-க்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். ஐந்துக்கு நான்கு முறை சரியாக வைப்பவருக்கே கணக்கு இழுபறிதான்.

ஆனால் ஸ்கோர்கார்டின் பக்கமும் ஒன்று சேர்க்கிறேன். சிங்கிள்-ஏயில் பந்து கேட்சரைத் தாண்டி ஓடுவது அதிகம். மூன்றாம் பேஸில் ஆள் நின்றால் அந்த ஒரு பந்தே ரன். எம்எல்பி அட்டவணை காட்டும் 66-ஐவிட அங்கே உண்மை எண் கொஞ்சம் மேலே இருக்கத்தான் வேண்டும்.

#12 புல்பென்

பன்ட் பயிற்சிக்கு நேரம் எங்கே என்று கேளுங்கள். இரவு 6:30 ஆட்டத்துக்கு மதியம் 1 மணிக்கு வர வேண்டும். 2 மணிக்கு உள்களத்தாருக்குத் தரைப்பந்து, கேட்சர்களுக்குத் தடுப்புப் பயிற்சி. 3:30-க்கு பேட்டிங். ஜூன் வந்துவிட்டால் ப்ளோரிடாவில் அந்த நேரத்துக்குத்தான் இடிமழை. தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு எல்லாரும் வலைக்கூடத்துக்குள். அட்டவணையில் 132 ஆட்டம், நடந்தது 128. ஒரு நாளைக்கு ஒருவருக்குக் கிடைக்கும் மட்டைச் சுழற்சி 40, 50. அதில் பத்தைப் பன்ட்டுக்குக் கொடுத்தால், அந்தப் பையன் தன் வாழ்க்கையை நிர்ணயிக்கும் மணிக்கு 95 மைல் வேகத்தில் உயரமாக வரும் பந்துக்குப் பத்து குறைவாகச் சுழற்றுகிறான்.

அடுத்து, யாரும் இதுவரை தொடாத விஷயம். இந்த மட்டத்தில் பெரும்பகுதி வேலை மைதானத்துக்கு வெளியே. டொமினிகன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் 16, 17 வயதில் ஒப்பந்தமாகி, 19 வயதில் முதன்முறையாக ஒரு முழுப் பருவம் ஆட வருகிற பையன்கள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறும். பிட்ச் கடிகார விதியை ஸ்பானிஷில் விளக்காவிட்டால் அவனுக்குத் தெரிவது ஒன்றுதான்: எதற்கோ தன்மேல் ஒரு பால் எழுதிவிட்டார்கள். பால்கோவெக் இதைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியில் லத்தீன் அமெரிக்க ஆட்டக்காரர்களின் உடற்பயிற்சிப் பொறுப்பில் இருந்தார், ஸ்பானிஷ் கற்றார். பிறகு நெதர்லாந்து போய் மனித உடலசைவு அறிவியல் படித்தார். 2019 இறுதியில் யாங்கீஸ் அவரைப் பேட்டிங் பயிற்சியாளராக எடுத்தபோது அதுவும் பெண்களில் முதல் முழுநேர நியமனம்.

சம்பளத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2022-ல் சிங்கிள்-ஏ ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்சம் வாரம் 500 டாலர். அணியே தங்குமிடம் தர வேண்டும் என்ற விதி வந்ததே அந்த ஆண்டில்தான். 2023-ல் ஆட்டக்காரர் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்ட பிறகுதான் ஆண்டுக்கு 26,200 டாலர் ஆனது. பையன் தூங்கினானா, சாப்பிட்டானா, வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டுப் பட்டினி கிடக்கிறானா என்று பார்ப்பதும் மேனேஜர்தான்.

#13 ஸ்கோர்கார்டு

மொழி விஷயத்தில் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. வெற்றியை எடுத்துவிட்டால் வேறு எதை வைப்பீர்கள்? "எத்தனை பேர் மேலே போனார்கள்" என்றால் அது ஆள் தேர்ந்தெடுத்த ஸ்கவுட்டுக்குக் கிடைக்கும் மதிப்பெண். டொமிங்கேஸ் எந்த மேனேஜரிடம் இருந்தாலும் மேலே போயிருப்பார். பால்கோவெக்கை 2024 ஜனவரியில் மயாமி மார்லின்ஸ் ஆட்டக்காரர் வளர்ச்சி இயக்குநராக எடுத்துக்கொண்டதைச் சாட்சியாகக் கொண்டுவருவீர்கள் என்று தெரியும். அது வேறு வேலை. ஒரு அமைப்பைக் கட்டும் திறமைக்குக் கிடைத்தது. டக்அவுட்டில் 8-வது இன்னிங்கில் எடுத்த முடிவுகளுக்கு அது மதிப்பெண் ஆகாது.

#14 புல்பென்

கொண்டுவரத்தான் இருந்தேன். சரி, விடுகிறேன்.

நான் வைக்கும் அளவு இது. ஏப்ரலில் வந்து ஜூலைவரை அதே அணியில் இருந்த ஆட்களை மட்டும் எடுங்கள். நட்சத்திரங்களை ஒதுக்குங்கள், டிராஃப்டில் 10-வது சுற்றுக்குக் கீழே வந்தவர்களும் சின்னத் தொகைக்கு ஒப்பந்தமானவர்களும் போதும். அவர்களில் பேட்டர்கள் ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போகும் பந்தைத் துரத்துவது மே மாதத்தைவிட ஜூலையில் குறைந்ததா? பிட்சர்கள் முதல் பந்தை ஸ்ட்ரைக்காக வீசுவது கூடியதா? கடிகார மீறல் குறைந்ததா? கேட்சரின் எறிதல் 2.1-லிருந்து 2.0-க்கு வந்ததா? நட்சத்திரம் யாரிடமும் வளர்வான். இந்தக் கடைசி வரிசை ஆள் வளர்ந்தால் அது அங்கே கற்றுக்கொடுத்தவர்களின் கைவேலை.

இந்த எண்களில் பெரும்பகுதி பந்தைப் பின்தொடரும் கருவிகள் மூலம் அணி அலுவலகத்தில் இருக்கிறது. நமக்குக் கிடைப்பது ஸ்கோர்கார்டு மட்டும். நமக்குக் கிடைக்கிறது என்பதற்காக அதையே அளவுகோல் ஆக்கக் கூடாது.

#15 மூன்றாம் பேஸ்

அந்த வரிசையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: மேனேஜர் விலகி நின்றபோது ஆட்டக்காரர்கள் எடுத்த முடிவு. 2022-ல் ப்ளோரிடா ஸ்டேட் லீக்கின் சில ஆட்டங்களில் பால், ஸ்ட்ரைக் தீர்ப்பை எந்திரத்திடம் முறையிடும் முறையைச் சோதித்தார்கள். முறையிடும் உரிமை பிட்சர், கேட்சர், பேட்டர் மூவருக்கு மட்டும். டக்அவுட்டிலிருந்து சைகை காட்டக் கூடாது, தொப்பியைத் தட்டி உடனே கேட்க வேண்டும். முறையீடு பலித்தால் கையிருப்பு அப்படியே இருக்கும், தோற்றால் ஒன்று குறையும். இரண்டாவது இன்னிங்கில் பேஸ் காலியாக இருக்கும்போது கோபத்தில் வீணடிக்கிறானா, 8-வதில் 3 பால் 2 ஸ்ட்ரைக்குக்கு வைத்திருக்கிறானா? கேட்சர் கேட்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும், பந்தை நேராகப் பார்ப்பவர் அவர். பிட்சர் கேட்டால் பெரும்பாலும் ஆசைதான் பேசும். "பிட்சர்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள், கேட்சரிடம் விடுங்கள்" என்று ஒரு மேனேஜர் ஏப்ரலில் சொல்லி, ஆகஸ்டில் அணி அதன்படி நடந்தால், அது அவருடைய மதிப்பெண்.

#16 ஸ்கோர்கார்டு

இது எனக்குப் பிடித்திருக்கிறது. வெற்றிப் பட்டியலைவிட நேர்மையான அளவு. புல்பென் சொன்ன கடைசி வரிசை ஆள் கணக்கையும் ஏற்கிறேன்.

ஒன்றில் மட்டும் இறங்க மாட்டேன். சமன், 10-வது இன்னிங் கீழ்ப்பாதி, இரண்டாம் பேஸில் ஆள், ஐந்துக்கு நான்கு முறை பன்ட் வைக்கத் தெரிந்த பேட்டர். அங்கே பன்ட்.

#17 புல்பென்

பேட்டர் யார்? ஒன்பதாவது இடத்தில் ஆடும் உள்களத்தார் என்றால் வைக்கட்டும். டொமிங்கேஸ் என்றால், ஆட்டமே போனாலும் அடிக்கட்டும்.

#18 ஸ்கோர்கார்டு

டொமிங்கேஸ் என்றால் நானும் அடிக்கத்தான் சொல்வேன்.